இரண்டாம் கட்டிலின் கெட்டிக்காரக் குழு

ஜூன் மாத அறிக்கையில் முதலிடம் பிடித்த குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் நாச்சியம்மை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய் இன்னொரு முறை படித்தார். மலேசியாவில், பெக்கான் நானாஸிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் அந்தச் சிறிய மருத்துவமனையில் அவசரப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. எதிரே நின்றவன் ஹேமநாதன், மருத்துவமனையின் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். தாளை அச்சடித்துக் கொண்டுவந்தவன் அவன்தான். வரும் வழியில் அதை ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"சிவப்பு மண்டலம், ரெண்டாம் கட்டில்," என்றார் டாக்டர். "காலையில பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். மூச்சுவழி வேலைக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மார்க். ஒரு படி தவறல, ஒரு படி முன்னப் பின்ன போகல. இந்த மாசத்துல மட்டும் பதினோரு தடவ. யாருங்க இந்த டீம்?"

"பாத்துச் சொல்றேன் டாக்டர்."

"நான் இருந்த டீமுக்கு உங்க மிஷின் எழுபத்தொன்னு குடுத்திருக்கு, ஹேமநாதன்."

"அதையும் பாத்துச் சொல்றேன் டாக்டர்."

அந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உயிருக்குப் போராடும் ஒருவரைச் சிவப்பு மண்டலத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினால், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் மூச்சைப் பார்ப்பார், ஒருவர் ஊசி ஏற்றுவார், ஒருவர் இரத்தக் கசிவைத் தேடுவார். அவரவர் கண் அவரவர் கையில் இருக்கும் வேலையில்தான் இருக்கும். எது முடிந்தது, எது விட்டுப்போனது, தொடங்கி எத்தனை நிமிடம் ஆனது என்று தள்ளி நின்று பார்ப்பதற்கு ஆள் மிஞ்சாது. அந்தத் தள்ளி நிற்கும் ஆளின் வேலையைத்தான் ஹேமநாதன் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தான்.

கேமரா வைக்க முடியாது. அரைகுறை ஆடையில் கிடக்கும் நோயாளியைப் படம் பிடிப்பதா? ஆகவே மனிதரை விட்டுவிட்டுக் கருவிகளைக் கவனிப்பது என்று முடிவு செய்தான். ஒவ்வொரு கருவியின் மீதும் தபால்தலை அளவில் ஒரு வில்லை. வில்லைக்குள் பாட்டரி கிடையாது. சுவரில் பொருத்தியிருக்கும் ஆண்டெனா வினாடிக்குப் பல முறை வானொலி அலையில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூப்பாட்டில் வந்து சேரும் சக்தியையே எடுத்துக்கொண்டு, வில்லை தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகை பதிவது போலத்தான். கருவியை ஒருவர் கையில் எடுத்து வில்லையை மூடிக்கொண்டால், வில்லைக்குக் குரல் போய்விடும். ஏனென்றால் அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மனிதக் கையில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஹேமநாதன் எழுதிய விதி இவ்வளவே: வில்லை பேசினால் கருவி சும்மா கிடக்கிறது. பேச்சு நின்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். மறுபடி பேசினால் வேலை முடிந்து கீழே வைத்திருக்கிறார்கள்.

ஏழு மாத உழைப்பு. அதற்கு முன் அவன் செய்துகொண்டிருந்தது, கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதும் ரத்த அழுத்தப் பட்டையில் ஓட்டை தேடுவதும். வெள்ளிக்கிழமை டாக்டர் நாச்சியம்மை ஒரு கையெழுத்துப் போட்டால் சோதனை இன்னும் மூன்று மாதம் தொடரும். போடாவிட்டால் ஆண்டெனாக்களைக் கழற்றி வேறொரு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஹேமநாதன் எண்ணெய்க் குப்பிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"சரி, டீமை விடுங்க," என்றார் டாக்டர். "பேஷண்ட் யாரு? பதினோரு பேருக்கு மூச்சுக்குழாய் போட்டிருக்காங்க. அந்த பதினோரு பேரும் எங்க?"

அதுதான் சிக்கல். பதிவேட்டில் அந்த நேரத்தில் ஒரு நோயாளிகூட இல்லை. தலைமைத் தாதி புஷ்பவள்ளி வார்டு வார்டாகத் தேடினார். வீட்டுக்கு அனுப்பியவர்கள் பட்டியலைப் பார்த்தார். கடைசியில், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, பிண அறைக்கும் போன் போட்டார்.

"பதினோரு பேர் கூடுதலா இருக்காங்களான்னு கேட்டேன்," என்று திரும்பி வந்து சொன்னார். "அந்த ஆளு, எத்தன வேணும் சிஸ்டர்னு சிரிக்கிறான்."

செய்தி பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. தரை துடைக்கும் ராசம்மா, செத்துப்போன டாக்டர்கள் சேர்ந்து பழைய தொழிலை மறக்காமல் செய்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டாம் கட்டிலுக்குக் கீழே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் மூன்று வந்து உட்கார்ந்தன. கிருமித் தடுப்பு விதிப்படி சிஸ்டர் புஷ்பவள்ளி அவற்றைத் தூக்கி எறிந்தார். இரண்டை மட்டும்தான் எறிந்தார் என்பதை ஹேமநாதன் கவனித்தான்.

அவனுக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுக்கும் மனிதர்களிலும் நம்பிக்கை இல்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, மடிக்கணினியுடன் உட்கார்ந்துகொண்டான்.

பத்து பத்துக்குக் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் கனகராஜ். மருத்துவ உதவியாளர், பதினெட்டு வருட அனுபவம், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அந்த வட்டாரத்திலேயே பெயர் எடுத்தவர். அவர் கையில், கேண்டினில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகி, ஓரத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் தே ஓ ஐஸ் லீமாவ், பாலில்லாத எலுமிச்சைத் தேநீர். இடமும் வலமும் பார்த்தார். மூச்சுவழித் தள்ளுவண்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி ஒரு கொக்கி இருந்தது. பையை அதில் மாட்டினார்.

மடிக்கணினியில் மூன்று வில்லைகள் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தின.

ஹேமநாதன் முக்காலியிலிருந்து அசையவில்லை. தள்ளுவண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில், மேலிருந்து கீழாக மூன்று கருவிகள்: சளியை உறிஞ்சும் முனை, தொண்டைக்குள் பார்க்கும் விளக்கு, ஸ்டெதாஸ்கோப். ஆண்டெனாவுக்கும் அவற்றுக்கும் நடுவில் முக்கால் லிட்டர் எலுமிச்சைத் தேநீர் தொங்கியது. சிஸ்டர் கண்ணில் படக்கூடாது என்று கனகராஜ் தேர்ந்தெடுத்த மறைவிடம், ஆண்டெனாவின் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது.

கனகராஜ் உறிஞ்சினார். பையில் மட்டம் இறங்கியது. மேல் வில்லை பேசியது: சளி உறிஞ்சியாகிவிட்டது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மறுபடி உறிஞ்சினார். நடு வில்லை பேசியது: தொண்டையைப் பார்த்துக் குழாய் செலுத்தியாகிவிட்டது. கடைசியாகப் பனிக்கட்டி சலசலக்க ஒரே இழுப்பு. கீழ் வில்லை பேசியது: இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்தாகிவிட்டது. ஆறு நிமிடம். மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.

"அண்ணே," என்றான் ஹேமநாதன், திரையை விலக்கி.

"அலமாக்!" கனகராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நானே இங்க பேஷண்ட் ஆயிருப்பேன்லா!"

"அண்ணே, இப்ப நீங்க ஒரு ஆளுக்கு மூச்சுக்குழாய் போட்டீங்க."

"நான் டீ குடிச்சேன் தம்பி."

"பிரமாதமா போட்டீங்க."

விஷயத்தை விளக்கிச் சொன்னபோது கனகராஜ் முகத்தில் முதலில் வந்தது பெருமை. "தொண்ணூத்தெட்டா? டாக்டருக்கு?"

"எழுபத்தொன்னு."

பெருமை மெல்ல வடிந்து, பயம் வந்தது. "தம்பி, சிஸ்டருக்கு மட்டும் தெரியக்கூடாது. சிவப்பு மண்டலத்துல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அவங்க கையால எழுதி ஒட்டியிருக்காங்க. என்னைத் தூக்கிப் பச்சை மண்டலத்துல போட்டுருவாங்க. நாள் பூரா சளி, இருமல், எம்.சி. லீவு லெட்டர் குடுங்கன்னு வரிசை. ஆவின்னே இருக்கட்டும் தம்பி. ஆவி யாரையும் தொந்தரவு பண்ணலயே!"

வியாழக்கிழமை முழுக்க ஹேமநாதன் அதைத்தான் யோசித்தான். உண்மையைச் சொன்னால், ஒரு பை தேநீருக்கு ஏமாந்த இயந்திரத்துக்கு எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார்? சொல்லாவிட்டால், பதிவு செய்யாத பதினோரு நோயாளிகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப்போவதாக டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவன் வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்றிவிட்டு வாய் மூடி இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றை உயிர் போகும் இடத்தில் மாட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட அவனால் முடியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் சொல்லிவிட்டான். கனகராஜையும் கூட அழைத்துப்போய், அவரையே சொல்ல வைத்தான்.

டாக்டர் நாச்சியம்மை நம்பவில்லை. "ஒரு பை லீமாவ் டீ என்னைவிட நல்லா குழாய் போடுதுன்னு சொல்றீங்க."

"மார்க் மட்டும்தான் டாக்டர்."

"செஞ்சு காட்டுங்க."

சிவப்பு மண்டலத்தில் அப்போது நோயாளி யாரும் இல்லை. சோதனைக் கட்டம் என்பதால் இத்தனை நாள் அணைத்து வைத்திருந்த அறிவிப்புக் குரலை ஹேமநாதன் திறந்துவிட்டான். கேண்டினிலிருந்து இரண்டு பைகள் வந்தன. சிஸ்டர் புஷ்பவள்ளி, தன் கையால் எழுதி ஒட்டிய அறிவிப்புக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடிங்க," என்றார்.

கனகராஜ் ஸ்ட்ராவை வாயில் வைத்தார். சிஸ்டரின் பார்வையின் கீழ் மனிதனால் நிதானமாக டீ குடிக்க முடியுமா? மூன்றே இழுப்பில் பை காலி. சுவரிலிருந்து செய்தி வாசிப்பவர் போல ஒரு குரல் மலாயில் அறிவித்தது: மூச்சுவழி வேலை பத்தொன்பது வினாடியில் முடிந்தது, படிகளில் அவசரம் தெரிகிறது, மதிப்பெண் முப்பத்து நான்கு.

"இது என் உண்மையான குடி இல்ல டாக்டர்!" என்று கனகராஜ் கெஞ்சினார். "தனியா விட்டா தொண்ணூத்தெட்டு!"

"நகருங்க," என்று டாக்டர் நாச்சியம்மை அடுத்த பையை எடுத்தார். அவருடையது சிராப் பண்டோங், ரோஜா சர்பத் கலந்த பால். அளவாக, மரியாதையாக உறிஞ்சினார். நடுவில் ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்து தொடர்ந்தார். குரல் சொன்னது: மிகத் தாமதம், நோயாளிக்கு மூச்சில்லை, உடனே உதவிக்கு ஆள் அழைக்கவும்.

"அறுபது மார்க்குகூட இல்லையா?"

"இருபத்தாறு டாக்டர்," என்றான் ஹேமநாதன், தரையைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அப்போ உங்க மிஷின் எங்க கையைப் பாக்கல. தண்ணியைத்தான் பாக்குது."

"ஆமா டாக்டர். கையும் அதுக்குத் தண்ணிதான்."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட அல்ல, கோடு அடிக்கத்தான் என்று ஹேமநாதனுக்குத் தெரிந்துவிட்டது; அந்தப் பேனாவின் மூடியைத் திறந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் சிஸ்டர் புஷ்பவள்ளி. அவர் இன்னும் காலிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையில தண்ணி இருந்தா அது பேசாது. தண்ணி இறங்கினா பேசும். அப்படித்தானே?"

"ஆமா சிஸ்டர்."

"அப்போ டிரிப் காலியாகுறத சொல்லுமா?"

ஹேமநாதனும் அந்தக் காலிப் பையைப் பார்த்தான். ஏழு மாதமாகத் தண்ணீர் அவனுக்கு எதிரி. நரம்பில் ஏறும் உப்புநீர்ப் பைகள் அலையை விழுங்குகின்றன என்று சொல்லி, ஆண்டெனாவை இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறான். அந்த எதிரியையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"அஞ்சு பேர் பேஷண்ட் மேல கவிழ்ந்திருப்போம்," என்று சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். "பை எப்பவோ காலியாயிருக்கும். எல்லாருக்கும் முதுகுப் பக்கம் தொங்குது, யாரு பாக்குறது?"

உப்புநீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பை தொங்கும் கம்பியில் வில்லையை ஒட்டிப் பார்த்தார்கள். பை ஊசலாடியபோதெல்லாம் வில்லை பேசிப் பேசி நின்றது. சரிவரவில்லை. பிறகு ஹேமநாதன் வில்லையைப் பையின் கீழ்ப்பகுதியிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினான். பை நிறைந்திருக்கையில் வில்லை ஊமை. வாளியில் வடியவிட்டார்கள். மட்டம் வில்லைக்குக் கீழே இறங்கியது, வில்லை பேசியது. நான்கு வரி விதியை அவன் தட்டச்சு செய்து முடித்த கையோடு ஆம்புலன்ஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

அன்னாசி லாரி. வளைவில் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் மணியம், ஐம்பத்திரண்டு வயது, தொடை எலும்பு முறிவு. தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தேங்கும். வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் அணைக்கவா டாக்டர்?" என்றான் ஹேமநாதன்.

"நேரமில்ல. ஓரமா நில்லுங்க!"

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது பழ வாசனையும் கூடவே வந்தது. மணியத்தின் இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் அன்னாசி சிக்கியிருந்தது.

"ஐயா, வலி எங்க இருக்கு?"

"வலி கெடக்கட்டும் டாக்டர், பழம் பூரா ரோட்டுல கெடக்கு! எல்லாரும் கார நிறுத்திப் பொறுக்குறான்!"

பேசுகிறார் என்றால் மூச்சுவழி திறந்திருக்கிறது என்று பொருள். டாக்டருக்கு அது போதும். இரு கையிலும் ஊசி ஏறியது, இரு பக்கமும் பை தொங்கியது. இடப்பக்கப் பையில் சிஸ்டர் ரப்பர் பேண்டோடு வில்லையைக் கட்டிவிட்டார். கனகராஜ் தொடையை இழுத்துக் கட்டத் தொடங்கினார். ராசம்மா அன்னாசியை எடுத்து, கைக்கு எட்டிய இடத்தில் வைத்தார். கைக்கு எட்டியது மூச்சுவழித் தள்ளுவண்டி.

சுவர் அறிவித்தது: மூச்சுவழி வேலை தொடங்கியது.

"யாரும் குழாய் போடல!" என்று டாக்டர் கத்தினார்.

"அன்னாசி டாக்டர்!" ஹேமநாதன் பாய்ந்து பழத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முள் குத்தியது. அப்படியே சுவரோடு சுவராக நின்றான். முடிந்தது, ஏழு மாதமும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

முதுகில் காயம் இருக்கிறதா என்று பார்க்க மணியத்தைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். தலையை ஒருவர், தோளைச் சிஸ்டர், இடுப்பை ஒருவர், காலைக் கனகராஜ். டாக்டர் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே இறங்கினார். அத்தனை கைகளும் ஒரு மனிதன் மேல். அத்தனை கண்களும் ஒரு முதுகின் மேல்.

சுவர் மறுபடி பேசியது: இடப்பக்கத் திரவப் பை முடியப்போகிறது.

டாக்டர் தலை தூக்கவில்லை. "ஹேமநாதன், இதுவும் அன்னாசியா?"

"பழம் என் கையில இருக்கு டாக்டர்!"

சிஸ்டர் புஷ்பவள்ளி கழுத்தைத் திருப்பினார். இடப்பக்கம் பையின் அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். இரத்தம் இழந்த ஆளுக்கு வேகமாக ஏற்றுவதற்காக அழுத்திக் கட்டிய பை. நினைத்ததைவிட முன்னாலேயே வற்றியிருந்தது. "உண்மைதான்!" என்று சொல்லி, தோளை ராசம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப் புதுப் பையை மாட்டினார். ரப்பர் பேண்டு ஒரு பையிலிருந்து அடுத்த பைக்கு மாறியது. மணியத்தின் இரத்த அழுத்தம் மெல்ல ஏற ஆரம்பித்தது.

நாற்பது நிமிடத்தில் அவரை ஜொகூர் பாருவுக்கு அறுவைச் சிகிச்சைக்கு ஏற்றிவிட்டார்கள். கதவை மூடும்வரை பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாச்சியம்மை கையுறையைக் கழற்றினார். "உங்க மூச்சுவழிக் கணக்கு குப்பை, ஹேமநாதன். டீக்கும் அன்னாசிக்கும் மார்க் போடுது. அதை அணைச்சிடுங்க. இனிமே எனக்கு எழுபத்தொன்னுன்னு தாள் கொண்டாராதீங்க."

"சரி டாக்டர்."

"டிரிப் மட்டும் மூணு மாசம் ஓடட்டும். அதுக்கு மட்டும்தான் கையெழுத்து. மத்தது கை எது, தண்ணி எதுன்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக்கிட்டப்புறம் வாங்க, பேசலாம்." தாளை வாங்கி, ஒரு பத்தியை நீளமாக அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

பாதி மகிழ்ச்சி, பாதி அவமானம். எதை முதலில் உணர்வது என்று அவன் முடிவு செய்வதற்குள் சிஸ்டர் புஷ்பவள்ளி பக்கத்தில் வந்து நின்றார்.

"சிவப்பு மண்டலத்துல எட்டு கம்பி இருக்கு, பதினாறு பை. உங்ககிட்ட எத்தன வில்லை இருக்கு?"

"புதுசு அஞ்சுதான் சிஸ்டர். மத்ததெல்லாம் கருவிங்க மேல ஒட்டியாச்சு."

"ஒட்டினத பிய்ங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறுது. கனகராஜ், நீங்களும் பிய்ங்க. உங்களைப் பத்தி அப்புறம் பேசறேன்."

ஹேமநாதன் அன்னாசியைத் தரையில் வைத்துவிட்டு, தள்ளுவண்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஏழு மாதம் முன்பு கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று நல்ல பசை பார்த்து வாங்கி ஒட்டியது. ஸ்டெதாஸ்கோப்பிலிருந்த முதல் வில்லையின் ஓரத்தை நகத்தால் கிளப்பத் தொடங்கினான்.